தோலேட்டில் எழுதிய ஆண்டு: 1215

(இலக்கியச் சங்கமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஐரோப்பாவின் மத்திய காலத்து வரலாற்றில் ஏதேனும் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் பேசவேண்டும் என்று உங்கள் சங்கத்தார் பணித்தபோது, ஆயிரம் ஆண்டுப் பரப்புடைய ஒரு காலத்தில் எந்த ஓராண்டைத் தொடுவது என்று சில நாள் மயங்கினேன். நார்மானியர் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்ற 1066 உண்டு. ஜெருசலேமை மீட்கப் புறப்பட்ட சிலுவைப் படையினர் வழி மாறிச் சென்று, கிறிஸ்தவ நகரமாகிய கான்ஸ்டாண்டிநோபிளையே சூறையாடிய 1204 உண்டு. கொள்ளைநோய் ஊர் ஊராகப் புகுந்து புதைப்பாரும் இல்லாமல் செய்த 1348 உண்டு. இவையெல்லாம் குருதியாலும் கண்ணீராலும் நினைவில் நிற்பவை. நான் கடைசியில் தேர்ந்துகொண்டதோ, இறகுப் பேனாவின் முனையால் நினைவில் நிற்கும் ஓர் ஆண்டு. அது 1215.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டின் மிகப் புகழ்பெற்ற ஆவணத்தை எடுத்து அதில் 1215 என்ற எண்ணைத் தேடுவீர்களானால், அது கிடைக்காது. நம் கல்வெட்டுகளில் அரசன் பட்டமேறியது முதல் கணக்கிட்டு, யாண்டு இத்தனையாவது என்று பொறிப்பதுபோல, அந்தச் சாசனத்திலும் ஜூன் மாதம் 15-ஆம் நாள், நமது ஆட்சியின் பதினேழாம் ஆண்டு என்ற குறிப்பே இருக்கிறது. நாட்டின் காலத்தையே தன் பெயரால் அளக்கும் உரிமை படைத்த அரசன் ஒருவன், தன் கையைத் தானே கட்டிக்கொள்வதாக எழுதிக் கொடுத்த ஓலையின் அடியிலும் அந்த உரிமையை விடாமல் பதித்திருக்கிறான். அந்த ஆண்டின் முரண்பாடு முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

அவனுடைய கதைக்குப் போகுமுன், அவன் காலத்தார் எதில் எழுதினார்கள் என்பதைச் சிறிது பார்ப்போம். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி உலர்த்துவார்கள். மையோ, நம் பாட்டிமார் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயின் இனத்தைச் சேர்ந்த காய்முடிச்சுகளை ஊறவைத்து, அந்தச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து ஆக்கியது. எழுதும்போது வெளிறித் தோன்றும் அந்த மை காற்றுப் பட்டபின் கறுக்கும். கறுத்தபின் தோலைக் கவ்விக்கொண்டு, கத்தியால் சுரண்டினாலன்றிப் போகாது. 1215-இல் எழுதப்பட்டவற்றின் குணமும் அதுவேதான் என்பதைச் சிறிது நேரத்தில் காண்பீர்கள்.

அக்காலத்து ஐரோப்பாவை அறிய விரும்புவோர் முதலில் ரோமாபுரியை நோக்கவேண்டும். அங்கே 1198 முதல் போப்பாண்டவராக வீற்றிருந்தவர் மூன்றாம் இன்னொசென்ட். முப்பத்தேழு வயதிலேயே அந்தப் பீடத்தில் ஏறிய அவர், அரசர்களுக்கு மேலே ஓர் அரசர் உண்டு, அவர் வாளால் அல்ல, கடிதத்தால் ஆள்பவர் என்பதைத் தம் வாழ்நாளிலேயே நிலைநாட்டிக் காட்டியவர். காண்டர்பரியின் தலைமை மேற்றிராணியாராக ஸ்டீபன் லாங்டனை அவர் நியமித்தபோது இங்கிலாந்தின் ஜான் மன்னன் ஏற்க மறுத்தான். உடனே 1208-இல் அந்த நாடு முழுவதும் தேவாலய வழிபாடு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு மன்னனே சபைப்பிரஷ்டம் செய்யப்பட்டான். ஐந்தாண்டுகள் வீம்பு பேசிய ஜான் 1213-இல் பணிந்தான். பணிந்ததோடு நில்லாமல், இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் போப்பாண்டவருக்கே ஒப்புவித்து, ஆண்டுக்கு 1,000 மார்க் வெள்ளி கப்பம் கட்டும் சிற்றரசனாக அவற்றை அவரிடமிருந்தே திரும்பப் பெற்றுக்கொண்டான். இது கோழையின் செயல் என்று சொல்வாருண்டு. ஆனால் நேற்றுவரை பகைவராயிருந்தவரை இன்று தனக்குக் காவலராக்கிக்கொண்ட இந்தச் சாதுரியத்தின் பயன் இரண்டே ஆண்டில் வெளிப்பட்டது.

ஜானின் துயரத்துக்கு மூலம் பிரான்சு. முன்னோர் வழியில் வந்த நார்மண்டி நாட்டை 1204-இல் பிரெஞ்சு மன்னன் பிலிப் அகஸ்டஸிடம் இழந்த நாள் முதல், அதை மீட்பதற்கு வேண்டிய பணத்தைத் திரட்டுவதே அவன் ஆட்சியின் வேலையாகிவிட்டது. தந்தையின் நிலத்துக்கு மகன் உரிமை பெற வேண்டுமா, பணம். கைம்பெண் மறுமணம் வேண்டாம் என்று இருக்க வேண்டுமா, பணம். அரசனுடைய கோபம் தணிய வேண்டுமா, பணம். ஜெப்ரி தெ மாண்டவில் என்ற பிரபு, மன்னனே மணந்து விலக்கிய கிளாஸ்டர் சீமாட்டி இசபெல்லாவை மணந்துகொள்வதற்காக 20,000 மார்க் கட்டுவதாக ஒப்ப நேர்ந்தது. நாடு முழுவதும் ரோமாபுரிக்குக் கட்டும் கப்பத்தைப் போல் அது இருபது மடங்கு. இப்படிச் சேர்த்த செல்வத்தைக் கொண்டு ஜான் நேசப் படை ஒன்றைத் திரட்டினான். 1214 ஜூலை 27-ஆம் நாள், பிளாண்டர்ஸ் பக்கத்துப் பூவீன் என்னும் ஊரில், அவனுக்குத் துணைநின்ற ஜெர்மானியச் சக்கரவர்த்தி நான்காம் ஓட்டோவையும் மற்றவர்களையும் பிலிப் அகஸ்டஸ் ஒரே நாளில் முறியடித்தான். ஜான் அந்தப் போர்க்களத்தில்கூட இல்லை. தெற்கே வேறொரு முனையில் பின்வாங்கிக்கொண்டிருந்தான். ஆயினும் தோல்வி அவனுடையதே. வெறுங்கையோடு திரும்பிய அரசனிடம் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்க, இங்கிலாந்தின் வடபுலத்துப் பிரபுக்களும் கீழ்ப்புலத்துப் பிரபுக்களும் காத்திருந்தார்கள்.

இந்தப் பின்னணியோடு 1215 பிறந்தது. ஜனவரியில் பிரபுக்கள் ஆயுதபாணிகளாக லண்டனுக்கு வந்து, பழைய உரிமைகளை உறுதிசெய்து தருமாறு கேட்டனர். மன்னன் தவணை சொன்னான். தவணைக் காலத்தில், மார்ச்சு 4-ஆம் நாள், சிலுவைப் போருக்குச் செல்வதாக விரதம் பூண்டு, தன்மேல் கை வைப்பவன் திருச்சபையின்மேல் கை வைத்தவனாவான் என்ற கவசத்தை அணிந்துகொண்டான். மே மாதத் தொடக்கத்தில் பிரபுக்கள் தம் விசுவாசப் பிரமாணத்தைத் துறந்து, ராபர்ட் பிட்ஸ்வால்டர் என்பவனைத் தலைவனாக்கி, கடவுளின் படை என்று தமக்குப் பெயரும் சூட்டிக்கொண்டனர். மே 17, ஞாயிற்றுக்கிழமை. நகரத்தார் கோயிலில் வழிபாட்டில் இருந்த வேளையில் லண்டன் அவர்கள் வசமாயிற்று. தலைநகர் போனபின் மன்னனுக்குப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

விண்ட்ஸர் கோட்டையில் மன்னன். ஸ்டெயின்ஸ் ஊரில் பிரபுக்கள். இரண்டுக்கும் நடுவே தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்னும் ஈரப் புல்வெளி. இரு திறத்தாரும் அங்கே கூடி நாட்கணக்கில் பேசினார்கள். இரண்டு பக்கத்தாரிடமும் பேசத் தக்கவராக நடுவில் நின்றவர், எவரை நாட்டுக்குள் விடமாட்டேன் என்று ஜான் ஐந்தாண்டு பிடிவாதம் பிடித்தானோ, அதே ஸ்டீபன் லாங்டன். ஜூன் 15-ஆம் நாளிட்ட சாசனம் பிறந்தது. மன்னன் பேனா பிடித்துக் கையெழுத்திடுவதாகப் பின்னாளில் படம் எழுதியவர்கள் உண்டு. ஆனால் அக்காலத்து இங்கிலாந்து அரசர் எவரும் கையெழுத்திடுவதில்லை. மெழுகில் பதித்த முத்திரையே ஒப்பம். அதற்கு மகா சாசனம் என்ற பெயரும் அன்று கிடையாது. இரண்டாண்டு கழித்து, காட்டுநிலங்களைப் பற்றிய சிறு சாசனமொன்று உடன்பிறந்தபோது, இதைப் பிரித்துச் சொல்லவே மாக்னா கார்ட்டா என்றார்கள்.

நண்பர்களே, இந்தச் சாசனத்தைச் சுதந்திரத்தின் கீதமென்று கேள்விப்பட்டு ஆவலோடு புரட்டுபவர்கள் ஏமாந்துபோவார்கள். அதில் தத்துவம் இல்லை. மனிதனுடைய பிறப்புரிமை பற்றிய பிரசங்கம் இல்லை. இடைவெளியின்றி அடர்ந்த லத்தீன் எழுத்தில், பிற்காலத்தார் 63 பிரிவுகளாக எண்ணிய அந்தப் பட்டியலில் இருப்பவை குடித்தனக் குறைகள். தேம்ஸ், மெட்வே நதிகளில் படகுப் போக்கைத் தடுக்கும் மீன்வேலிகளை அகற்ற வேண்டும். நாடு முழுவதும் திராட்சை மதுவுக்கும் தானியத்துக்கும் ஒரே அளவும், துணிக்கு ஒரே அகலமும் வேண்டும். கணவனை இழந்தவளை மறுமணம் செய்துகொள் என்று வற்புறுத்தலாகாது. அபராதம் குற்றத்தின் அளவுக்கு மேற்போகலாகாது, போனாலும் வணிகனின் சரக்கையும் குடியானவனின் ஏர்க்கருவியையும் தொடலாகாது. மீன்வேலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வரும் அந்த வாசகம், திடீரென்று ஓரிடத்தில் தலை நிமிர்கிறது. சுதந்திரமுடைய எந்த மனிதனையும், அவனை ஒத்தவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல், பிடிக்கவும் சிறைவைக்கவும் உடைமை பறிக்கவும் நாடு கடத்தவும் மாட்டோம் என்கிறது முப்பத்தொன்பதாம் பிரிவு; நியாயத்தை எவருக்கும் விற்கமாட்டோம், மறுக்கமாட்டோம், தாமதிக்கவும் மாட்டோம் என்கிறது அடுத்தது. நியாயத்தை விற்கமாட்டேன் என்று ஒருவன் எழுதிக் கொடுக்கிறான் என்றால், அதுவரை விற்றுக்கொண்டிருந்தான் என்பதல்லவா பொருள்!

ஆனால் சுதந்திரமுடைய மனிதன் என்ற சொல்லை நாம் எளிதில் கடந்துபோகக் கூடாது. பண்ணைக்குக் கட்டுப்பட்ட உழவர்கள் மிகப் பெருந்தொகையினராக இருந்த அந்த நாட்டில், அந்தச் சொல்லின் வேலிக்கு உள்ளே நின்றவர் சிலரே. பிரபுக்கள் தமக்காகத்தான் கேட்டார்கள். மன்னன் வாக்குத் தவறினால் அவன் கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றி அவனை வழிக்குக் கொண்டுவர, 25 பேர் கொண்ட குழு ஒன்றையும் சாசனம் ஏற்படுத்தியது. அந்த இருபத்தைவரில், 20,000 மார்க் கடன்பட்ட ஜெப்ரியும் ஒருவன். லண்டன் நகரத் தலைவரும் ஒருவர். அரசனைக் கண்காணிக்கப் பிரபுக்களே ஆள் தேர்ந்துகொள்ள அரசனே எழுதிக் கொடுக்கும் இந்த ஏற்பாடு நிலைக்காது என்று இரு திறத்தாரும் அறிந்தே இருந்தார்கள்.

சாசனத்தின் மை காய்ந்துகொண்டிருந்த அதே கோடையில், ஜெர்மனியின் ஆஹன் நகரில் வேறொரு காட்சி நடந்தது. பூவீன் போரில் சிதைந்த ஓட்டோவின் இடத்துக்கு, போப்பாண்டவரின் பாதுகாப்பில் வளர்ந்த அனாதை இளவரசன் ஒருவன் வந்தான். சிசிலியிலிருந்து வந்த இருபது வயது இரண்டாம் பிரெடரிக், ஜூலை 25-ஆம் நாள் ஷார்லமேன் பேரரசரின் சிம்மாசனத்தில் முடிசூட்டிக்கொண்டு, எவரும் எதிர்பாராத வகையில் சிலுவைப் போர் விரதமும் பூண்டான். இரண்டு நாள் கழித்து, பூவீன் போரின் முதலாண்டு நிறைவன்று, நானூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஷார்லமேனின் எலும்புகளைப் பொன்னும் வெள்ளியும் இழைத்த புதுப் பேழையில் வைத்தபோது, அந்த இளைஞன் தன் அரச அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாரத்தின்மேல் ஏறி, சுத்தியலைக் கையில் வாங்கி, தொழிலாளியோடு தொழிலாளியாகப் பேழையின் ஆணிகளைத் தானே அறைந்தான். வாக்கும் சடங்கும் அவனுக்குப் பெரிதாயிருந்த நாள் அது. அந்த விரதத்தை நிறைவேற்ற அவனுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. நிறைவேற்றியதும் போரினால் அன்று, சுல்தான் அல்காமிலோடு 1229-இல் எழுதிக்கொண்ட உடன்படிக்கையினால். ஜெருசலேமைப் போரின்றி அவன் பெற்ற அந்தக் கதை மற்றொரு நாளைக்குரியது.

ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ் நகரில், போப்பாண்டவரின் தூதராகிய ராபர்ட் தெ கூர்சோன், அங்கே செழித்து வளர்ந்திருந்த ஆசிரியர் கூட்டத்துக்கு விதிகள் எழுதிக் கொடுத்தார். கலைப் பாடங்களைக் கற்பிப்பவர் இருபத்தொரு வயது நிரம்பியவராகவும் ஆறாண்டு பாடம் கேட்டவராகவும் இருக்கவேண்டும். வேதசாஸ்திரம் கற்பிக்க முப்பத்தைந்து வயது ஆகியிருக்கவேண்டும். கணுக்கால்வரை தொங்கும் கருப்பு அங்கி அணியவேண்டும். ஆசிரியராகும் உரிமத்துக்குப் பணம் வாங்கலாகாது. ஒரு சர்வகலாசாலை சட்டத்தின் உருவம் பெற்ற தருணங்களில் அது ஒன்று. அந்த விதிகளிலேயே ஒரு தடையும் இருந்தது: அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களைப் படிக்கலாம்; இயற்கையைப் பற்றிய நூல்களையும், அதற்கு அப்பாற்பட்ட பரம்பொருளாராய்ச்சி நூல்களையும் படிக்கலாகாது. அரபு மொழி வழியாகப் புதிதாய் வந்துசேர்ந்த அந்த நூல்கள் இளம் மாணவர் மனத்தைக் கலைத்துவிடும் என்று பெரியோர் அஞ்சினர். அஞ்சியது உண்மையாயிற்று. சரியாக நாற்பதாண்டு கழித்து, 1255-இல், அதே பாரிஸின் கலைத்துறை அதே நூல்களைப் பாடத்திட்டமாகவே விதித்தது. தடுத்து எழுதிய கையைவிடத் தடுக்கப்பட்ட நூல் நீண்ட ஆயுள் உடையதாக இருந்தது.

அதே ஆகஸ்டில் 24-ஆம் நாள், போப்பாண்டவர் ரன்னிமீட் சாசனத்தை ரத்துசெய்தார். ஜான் அவருடைய சிற்றரசன். சிலுவை விரதம் பூண்டவன். அவனை மிரட்டி வாங்கிய எழுத்து இழிவானது, நீதிக்கு மாறானது, என்றைக்கும் செல்லாதது என்பது அவர் தீர்ப்பு. 1213-இல் ஜான் குனிந்ததன் பயன் இப்போது விளைந்தது. ஜூன் 15 முதல் ஆகஸ்டு 24 வரை எண்ணிப் பாருங்கள், எழுபது நாட்கள். சாசனத்தின் முதல் ஆயுள் பத்தே வாரம்.

புத்தூரில் சுந்தரமூர்த்தியின் மணப்பந்தலுக்கு வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டிய கிழவேதியரின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். மணமகன் சினந்து அந்த அடிமை ஓலையைப் பிடுங்கிக் கிழித்தான். நீ கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்றார் முதியவர். ரன்னிமீட்டில் நடந்ததோ இன்னும் விசித்திரமானது. அங்கே மூல ஓலை என்று ஒன்று தனியாக இல்லை. முத்திரையிட்ட படிகள் பல எழுதப்பட்டு நாட்டின் பல திக்குகளுக்கும் அனுப்பப்பட்டன, ஒவ்வொன்றும் மூலமே. அவற்றில் நான்கு இன்றும் உள்ளன. லிங்கன், சாலிஸ்பரி தேவாலயங்களுக்கு உரியவை ஒவ்வொன்று, லண்டனில் உள்ளவை இரண்டு. ரோமாபுரியிலிருந்து எத்தனை வலிமையான கை நீண்டாலும் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கிழிப்பதற்கில்லை.

இனி ஆண்டின் சிகரமாக, பெருங்கூட்டம் ஒன்று ரோமாபுரியில் கூடியது. இரண்டரை ஆண்டுக்கு முன்னரே அழைப்பு விடுத்து, நவம்பர் 11-ஆம் நாள் லாத்தரன் ஆலயத்தில் இன்னொசென்ட் தொடங்கிவைத்த அந்த மகாசபைக்கு 400-க்கு மேற்பட்ட மேற்றிராணிமாரும், 800-க்கு மேற்பட்ட மடாதிபதிகளும், அரசர்களின் தூதர்களும் வந்து குழுமினர். பிரெடரிக்கின் உரிமையை அது உறுதிசெய்தது. திருச்சபையின் கொள்கைக்கு மாறுபட்ட பதிதர்களுக்கு இடங்கொடுத்தார் என்று துலூஸ் நாட்டு ஆறாம் ரேமன்டை நீக்கி, அவர் நாட்டைப் படைத்தலைவர் சைமன் தெ மோன்ட்போர்டுக்கு அளித்தது. நம் நாட்டுக் கத்தோலிக்கர் சாமிநாதர் என்று வழங்கும் தோமினிக் அந்த ஆண்டில்தான் துலூஸ் நகரில் அன்பர் ஒருவர் கொடுத்த வீட்டில் தம் சிறு குழுவை அமர்த்தியிருந்தார். புதிய சந்நியாச சபைகள் இனி வேண்டாம் என்று இந்த மகாசபை விதித்தது. துலூஸ் நகரத்தார் இரண்டே ஆண்டில் ரேமன்டை மீண்டும் வரவேற்றனர். மறு ஆண்டு அந்நகர முற்றுகையில் கல்பொறி வீசிய கல் தலையில் விழுந்து சைமன் மாண்டார். தோமினிக்கின் குழுவும் 1216 டிசம்பரில் அங்கீகாரம் பெற்றுவிட்டது. எழுதியதெல்லாம் நிற்பதில்லை என்பதற்கு இவை சான்று.

ஆனால் நின்றவை சில உண்டு. வயது வந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், கேட்ட குரு அதை வெளியிடலாகாது என்ற விதி, கோடிக்கணக்கான எளிய மக்களைத் தத்தம் மனத்தைத் தாமே சோதிக்கப் பழக்கியது. மற்றொரு விதி, எழுதினவர்களே எண்ணிப் பாராத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாட்சியில்லாத குற்றத்தைத் தெய்வத்தின் தீர்ப்புக்கு விடுவது அக்காலத்து வழக்கம். நம் நாட்டில் காய்ச்சிய மழுவை ஏந்திச் சத்தியம் செய்ததுபோல, அங்கும் குற்றம் சாட்டப்பட்டவன் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தி நடப்பான். கட்டிவைத்த கையை மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்த்து, புண் ஆறியிருந்தால் நிரபராதி, சீழ் வைத்திருந்தால் குற்றவாளி என்பார்கள். அல்லது கைகால்களைக் கட்டி நீரில் இறக்குவார்கள். அமிழ்ந்தவன் தப்பினான், மிதந்தவன் கெட்டான். இரும்பையும் நீரையும் மந்திரித்துத் தர ஒரு குரு வேண்டும். இனி எந்தக் குருவும் இந்தச் சடங்கைச் செய்யலாகாது என்றது மகாசபையின் பதினெட்டாம் விதி. குரு விலகினார், தெய்வப் பரீட்சை நின்றது. இங்கிலாந்தில் 1219-ஆம் ஆண்டு ஊர் ஊராகச் சென்ற நீதிபதிகளுக்குக் கைதிகளை என்ன செய்வதென்றே தெரியவில்லை. உங்கள் அறிவும் மனச்சாட்சியும் காட்டும் வழியில் செய்யுங்கள் என்று அரசவை எழுதிற்று. அவர்கள் கண்ட வழி, ஊரார் பன்னிருவரை அழைத்துச் சத்தியம் செய்வித்து, இவன் செய்தானா இல்லையா என்று கேட்பது. குற்ற வழக்கில் ஜூரி முறை வேரூன்றியது இப்படித்தான். ஒத்தவர்களின் தீர்ப்பு என்று ரன்னிமீட்டில் பிரபுக்கள் தமக்காகக் கேட்டுப் பெற்ற சொல்லுக்கு, அவர்கள் நினையாத சாமானியரை உட்காரவைக்க இடம் செய்து கொடுத்தது, அதை ரத்துசெய்த போப்பாண்டவரின் சபையே!

இந்த வியப்பில் மற்றொரு பக்கத்தை மறைத்துவிடக் கூடாது. பரீட்சை நின்ற இடத்தில், ஐரோப்பாவின் பல நாடுகளில் நுழைந்தது ஜூரி அன்று, விசாரணை. குற்றவாளியின் வாயிலிருந்தே உண்மையை வாங்கவேண்டும் என்ற அந்த முறை சித்திரவதைக்கு வழி திறந்தது. 1252-இல் பதிதர் விசாரணையில் அதற்குப் போப்பாண்டவரின் அனுமதியும் வந்தது. அதே மகாசபையின் அறுபத்தெட்டாம் விதி, யூதரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரிலிருந்து வேறாகத் தெரியும்படி உடுக்கவேண்டும் என்றது. மூன்றாண்டில் இங்கிலாந்து யூதர்மேல் அடையாளச் சின்னம் ஏறியது. 1290-இல் அவர்கள் அந்த நாட்டிலிருந்தே துரத்தப்பட்டார்கள். நன்மையைப் போலவே தீமையும் அந்த ஆண்டில் மாசிக்காய் மையிலேயே எழுதப்பட்டது. இரண்டும் ஒன்றுபோலவே தோலைக் கவ்விக்கொண்டன.

மகாசபை தன் கடைசிக் கூட்டத்தை நடத்தியது நவம்பர் 30-ஆம் நாள். அதே நாளில் இங்கிலாந்தில் ராச்செஸ்டர் கோட்டை ஜான் மன்னனிடம் வீழ்ந்தது. சாசனம் ரத்தானபின் மூண்ட உள்நாட்டுப் போரில், அந்தக் கோட்டையைப் பிரபுக்களின் ஆட்கள் ஏழு வாரம் காத்தார்கள். உணவு தீர்ந்து குதிரைகளைத் தின்றார்கள். மன்னன் கோட்டை மூலையின் அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தூண்களை முட்டுக்கொடுத்து நிறுத்தி, நவம்பர் 25-ஆம் நாள் தன் பிரதான நீதிபதி ஹூபர்ட் தெ பர்குக்கு ஒரு கடிதம் விடுத்தான். தின்பதற்கு அவ்வளவு உதவாத, ஆனால் நன்றாகக் கொழுத்த பன்றிகள் நாற்பதை இரவு பகலென்று பாராமல் விரைந்து அனுப்பிவைக்கவும் என்பது அதன் சாரம். அந்தக் கொழுப்பில் மூட்டிய தீயில் தூண்கள் எரிந்தன, மூலை சரிந்தது. பின்னர் அந்த மூலையில் எழுப்பிய கோபுரம் மட்டும் வட்டமாக, மற்ற மூன்றும் சதுரமாக, இன்றும் அந்தக் கோட்டை நிற்கிறது.

பன்றிகள் நாற்பது என்ற கணக்கு நமக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அரசன் விடுக்கும் கடிதங்களின் நகலைத் தோற்சுருள்களில் பதிந்து வைக்கும் வழக்கம் நிலைபெற்றது ஜானின் ஆட்சியிலேதான். வாக்கைக் காப்பாற்றாதவன் என்று பேரெடுத்த இந்த அரசன், தனக்கு முன் எந்த இங்கிலாந்து அரசனும் வைக்காத அளவுக்கு எழுத்தை வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் அவனுடைய சுருள்களே முன்வருகின்றன.

அந்த ஆண்டின் பெருமனிதர் இருவரும் அடுத்த ஆண்டைத் தாண்டவில்லை. 1216 ஜூலையில் பெருஜியா நகரில் இன்னொசென்ட் காலமானார். அன்றிரவு திருடர்கள் புகுந்து அவர் உடல்மேல் இருந்த விலையுயர்ந்த ஆடைகளைக் களவாடிச் சென்றதையும், நேற்றுவரை அரசர்களை நடுங்கவைத்தவர் ஏறக்குறைய ஆடையின்றித் தேவாலயத்தில் கிடந்ததையும், மறுநாள் கண்ட ஜாக் தெ வித்ரி என்னும் குருவானவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அக்டோபரில், பிரெஞ்சு இளவரசன் லூயி இங்கிலாந்தில் இறங்கிப் பாதி நாட்டைப் பிடித்திருந்த வேளையில், நியூவார்க் கோட்டையில் ஜான் இறந்தான். ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றி பட்டமேறினான். அவனைச் சூழ்ந்திருந்த மூத்த பிரபு வில்லியம் மார்ஷல் முதலானோர் பிரஜைகளின் மனத்தைத் திருப்ப வழி தேடியபோது, தோலேட்டில் கிடந்த அந்தச் செத்த சாசனத்தை எடுத்து, சில பிரிவுகளை நீக்கி, மீண்டும் முத்திரையிட்டார்கள். 1217-இல் மறுபடியும், 1225-இல் மறுபடியும் எழுதப்பட்டது. 1297-இல் அது ஆண்டுக்கு இருமுறை பேராலயங்களில் மக்கள் முன் படிக்கப்படவேண்டும் என்று ஆணை பிறந்தது. 1354-இல் ஒரு சட்டம், சுதந்திரமுடைய மனிதன் என்ற வேலியை அகற்றி, எந்த நிலையினனாயினும் ஒரு மனிதன் என்று எழுதியது. அந்த வம்சவழியில் பல நாடு சுற்றி வந்த ஒரு வாக்கியத்தின் குரலை, 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவிலும் நாம் கேட்கலாம்.

எழுத்து எழுதினவனுக்கு அடங்குவதில்லை என்று மட்டும் சொல்லி நான் முடித்துவிட்டால், அது பாதி உண்மையாகும். துலூஸைப் பற்றிய தீர்மானமும் எழுத்துத்தான். அது மூன்றாண்டு வாழவில்லை. ரன்னிமீட் சாசனத்தை வாழவைத்தது அதன் மையும் அன்று, முத்திரையும் அன்று. தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவனுக்கு ஒரு குறை இருந்தது; அவன் அந்தத் தோலைத் தேடிச் சென்று, இதில் என்ன எழுதியிருக்கிறது, மறுபடி படியுங்கள் என்று கேட்டான்.

ஒரே அரசன், ஒரே ஆண்டு, ஒரே மை. நாற்பது பன்றிகளைக் கேட்ட கடிதம் முழுமையாக நிறைவேறியது. அடுத்த சில நாளில் கோட்டையும் விழுந்தது. அந்தக் கடிதத்துக்கு அதோடு வேலை முடிந்தது. நியாயத்தை விற்கவும் மறுக்கவும் தாமதிக்கவும் மாட்டோம் என்ற மற்றோர் எழுத்து, அந்த ஆண்டிலும் முழுமையாக நிறைவேறவில்லை. அதற்குப் பின் வந்த எந்த ஆண்டிலும், எந்த நாட்டிலும் முழுமையாக நிறைவேறியதாக யாரும் சொல்லமாட்டார்கள். அதனால்தான் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.